செஞ்சியில் சிவாஜிக்கு என்ன வேலை? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் செஞ்சிக்குப் போயிருந்தோம். "இது சிவாஜி பிடித்த கோட்டை" என்றார் வழிகாட்டி. மகாராஷ்டிரத்து ராய்கட்டில் முடிசூடியவருக்கு இவ்வளவு தூரத்தில் என்ன வேலை? வெறும் கொள்ளைதானா?

ரா., விழுப்புரம்

அன்புள்ள ரா.,

பணம் ஒரு காரணமே இல்லை என்றால் பொய். 1674 ஜூனில் நடந்த பட்டாபிஷேகம் கஜானாவை நன்றாகவே கரைத்திருந்தது. அப்புறம் ஒரு பாகப்பிரிவினைத் தகராறு. அப்பா ஷாஜியின் தென்னாட்டுச் சொத்து முழுவதும் மாற்றாந்தாய் மகன் ஏகோஜியிடம் இருந்தது. அவர் அப்போதுதான் தஞ்சையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

1677இல் கோல்கொண்டா சுல்தானோடு உடன்பாடு செய்துகொண்டு சிவாஜி தெற்கே இறங்கினார். செஞ்சி கைக்கு வந்தது. கொள்ளிடக்கரையில், திருமழபாடியில், தம்பியைக் கூப்பிட்டுப் பங்கு கேட்டார். பேச்சு சில நாள் இழுத்தது. ஒரு ராத்திரி ஏகோஜி சத்தமில்லாமல் கட்டுமரம் ஏறி அக்கரை போய்விட்டார்! நம் ஊர்ச் சொத்துச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஆனால் கொள்ளைக்கு வந்தவன் மதில் கட்டமாட்டான். சிவாஜி செஞ்சியில் புது மதிலெழுப்பி அகழி வெட்டியதை, ஐரோப்பியரே மெச்சும் வேலை என்று அன்றைய மதுரை மிஷன் பாதிரியார் ஒருவர் எழுதியிருக்கிறார். வடக்கே முகலாயர் கை ஓங்கினால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று சிவாஜி கணக்குப் போட்டிருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

1680இல் அவர் இறந்தார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் ஔரங்கசீப்பே தக்காணத்துக்கு வந்துவிட்டார். 1689இல் மூத்த மகன் சம்பாஜி கொல்லப்பட்டார், ராய்கட்டும் விழுந்தது. இளையவர் ராஜாராம் மாறுவேடத்தில் ஓடிவந்து சேர்ந்த இடம் செஞ்சிதான். மராத்திய அரசு சில வருடங்கள் இங்கிருந்துதான் நடந்தது. ஏழெட்டு வருட முற்றுகைக்குப் பிறகு 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிவிட்டார்.

2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று உங்கள் மாவட்டத்துச் செஞ்சி.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம் வருமே, கடந்தீர்களா? அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. அடுத்த முறை அங்கே நின்று கீழே எட்டிப் பாருங்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சரியா?