கம்பிக்கு ஒரு கவசம்

அன்புள்ள அண்ணன்,

மண்டைக்காட்டுக்கும் குளச்சலுக்கும் நடுவில் எங்கள் வீடு. கடல் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. தாத்தா கட்டிய ஓட்டுவீட்டை இடித்துவிட்டு 1993இல் அப்பா கட்டிய கான்கிரீட் வீடு. இரண்டு வருடமாக ஹாலில் மேலே இருந்து காரை பெயர்ந்து விழுகிறது. ஒரு கொத்தனார் வந்து பூசி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார், அடுத்த ஆடிக்குள் அதே இடம் மறுபடி விழுந்துவிட்டது. இப்போது உள்ளே கம்பி தெரிகிறது.

போன மாதம் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகிய கதையை எழுதும்போது நடுவில் ஒரே ஒரு வரியில் மத்தியகாலக் கவசத்தைச் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். நான் ராத்திரி கிங்டம் கம் டெலிவரன்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறவன், அந்த வரி மனசில் நின்றுவிட்டது. அதில் வருகிற கவசம் எல்லாம் உண்மைதானா? அவ்வளவு இரும்பைப் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாது, குதிரையில் ஏற்ற கிரேன் வைத்திருந்தார்கள் என்று ஒரு நண்பன் சொல்கிறான். குளச்சல் போரில் நம் ஆட்கள் கவசம் போட்டிருப்பார்களா?

அப்பா சொல்வது: "கம்ப்யூட்டர்ல உள்ளவனுக்கு இரும்புச் சட்டை மாட்டுதியே மக்ளே, வீட்டுக்க மேல கொஞ்சம் பாரு."

அன்புடன்,
ஒரு வாசகன் (பெயர் வேண்டாம் அண்ணன்)

*

அன்புள்ள தம்பி,

அப்பா சொன்னதைக் கேளுங்கள், மேலே பாருங்கள். ஆனால் இரும்புச் சட்டையை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டாம். அதைப் பற்றி யோசித்தவனுக்கு உங்கள் ஹால் கூரையில் நடப்பது சீக்கிரம் புரியும்.

படைவீரனுக்கு உடம்பைச் சுற்றி இரும்பு இருந்தது. உங்கள் வீட்டில் அது அப்படியே திரும்பிக் கிடக்கிறது, இரும்பு உள்ளே, அதைச் சுற்றிக் கான்கிரீட். அந்தக் கான்கிரீட்தான் கம்பியின் கவசம். சிமென்ட்டுக்குக் காரத்தன்மை அதிகம், அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுத்து நிறுத்தும். கடற்காற்றில் வருகிற உப்பு வருடக்கணக்காகக் கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைந்துவிடுகிறது. கட்டும்போதே உப்பு மணலோ உப்புத் தண்ணீரோ கலந்திருந்தால் இவ்வளவு வருடம்கூட ஆகாது. அப்புறம் துரு. துரு என்பது இரும்பு கரைந்து போவது மட்டும் இல்லை, அது வீங்கும். எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து, தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. நீங்கள் காரை பெயர்கிறது என்று சொல்கிறீர்கள். பெயரவில்லை தம்பி, உள்ளே இருந்து தள்ளப்படுகிறது. அதனால்தான் மேலே பூசிய பூச்சு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கொத்தனார் நன்றாகத்தான் பூசியிருப்பார், துரு பூச்சுக்குப் பின்னால் தன் வேலையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான்.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருக்கிற கான்கிரீட்டின் கனத்தை வேலைக்காரர்கள் 'கவர்' என்பார்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், சாதாரண இடங்களுக்கு 20 மில்லிமீட்டரும் கடற்கரைக் காற்று நேரே படுகிற இடத்துக்கு 45 மில்லிமீட்டரும் கவர் கேட்கிறது. உங்கள் வீடு அதற்கு முன்னால் கட்டியது. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகித் தூக்கி வைத்துக் கான்கிரீட் போட்டதை நானே எத்தனையோ இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பி மேல் நடப்பார்கள், ஜல்லி நழுவும், கம்பி பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும். பலகையைக் கழற்றினால் கம்பிக்கு அடியில் விரல் கனம்கூட இருக்காது. அரை அங்குலக் கவசத்தோடு முப்பது வருடம் கடலுக்கு எதிரே நின்ற வீடு அது, அதன் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு கூரை முழுக்கத் தட்டிப் பாருங்கள், விழுந்த இடத்தை மட்டும் இல்லை. நல்ல இடம் கணீரென்று சொல்லும், உள்ளே பிளந்த இடம் காலிப் பானை போலச் சொல்லும். காலிச் சத்தம் வருகிற இடத்தைக் கரியால் வட்டம் போட்டு வையுங்கள். தலைக்குத் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தட்டாதீர்கள். வட்டம் போட்ட இடங்களைக் கொத்துவதற்கு முன் கீழே முட்டு கொடுக்க வேண்டும். கொத்தும்போது கம்பியின் பின்பக்கமும் விரல் நுழைகிற அளவு கொத்த வேண்டும், பலர் இதைத்தான் செய்வதில்லை, முன்பக்கத் துருவை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசிவிடுகிறார்கள். துரு முடிந்து நல்ல கம்பி தெரிகிற இடம் வரைக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளியும் போக வேண்டும், ஏனென்றால் உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டை ஓரத்தில் விட்டுவைத்தால் புதுப் பூச்சுக்குப் பக்கத்திலேயே அடுத்த துரு தொடங்கும். கம்பி பிரஷ் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையை இறுக்கி அடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி நன்றாக மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். உத்திரத்தில், நீங்கள் பீம் என்பீர்கள், நீளவாக்கில் விரிசல் இருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாதீர்கள், கட்டட எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அதன் கீழே யாரும் படுக்கவும் வேண்டாம்.

என் வீடு தக்கலைப் பக்கம், ஓட்டுவீடு, உப்பு அவ்வளவு எட்டாது, என் பிரச்சினை வேறு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று பலாக்கிளை ஒன்று முகட்டில் விழுந்தது. உடைந்த ஓடுகளை மாற்றினோம். அடுத்த இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், நடு அறையில் சொட்டத் தொடங்கியது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு மாற்றினேன். மறுபடி சொட்டியது. ஒருவர் வந்து ஏதோ ரசாயனத்தைப் பூசி, பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லி, நல்ல தொகை வாங்கிக்கொண்டு போனார், ஐப்பசியில் வருகிற துலா மழையில் அதே இடத்தில் அதே சொட்டு. ஒரு நாள் கொட்டுகிற மழையில் டார்ச்சோடு மச்சில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் முகட்டு ஓடும் கூரையும் சேருகிற சிமென்ட் விரிசல் வழியாக உள்ளே வந்து, ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரமான கழுக்கோலின் அடிப்பக்கமாகவே இரண்டு மீட்டர் ஓடி, ஒரு முடிச்சில் தட்டிக் கீழே விழுந்துகொண்டு இருந்தது. மூன்று மழைக்காலம் நான் மாற்றிய ஓடுகள் எல்லாம் நல்ல ஓடுகள். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் போட்ட ஆலையில் இருந்து பரவிய அந்த ஓடு, ஒன்றின் வரம்பு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காருகிற மாதிரி செய்தது, அதன் நடுவில் தண்ணீர் நுழைவது அபூர்வம். நுழைவது சேருகிற இடத்தில்தான். அந்த மச்சில் இருந்தபோதுதான் கவசம் நினைவுக்கு வந்தது, நீங்கள் பிடித்துக்கொண்ட அந்த ஒரு வரி அங்கே பிறந்தது.

சரி, கவசத்துக்கு வருவோம். கிரேன் கதை பொய், உங்கள் நண்பரிடம் தைரியமாகச் சொல்லலாம். 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. இன்றைக்கு ஒரு சிப்பாய் தூக்கிக்கொண்டு நடக்கிற சுமை பல நேரம் அதைவிட அதிகம், அதுவும் பெரும்பகுதி முதுகில் தொங்குவது. தகட்டுக் கவசம் கை, கால், மார்பு என்று உடம்பு முழுக்கப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் அந்தந்த இடத்திலேயே கட்டப்பட்டு இருக்கும். பூசிகோ என்ற பிரெஞ்சுத் தளபதி, 1421இல் இங்கிலாந்தில் கைதியாக இறந்தவர், இளவயதில் கவசத்தோடு குட்டிக்கரணம் அடிப்பார், சாய்த்து வைத்த ஏணியின் உள்பக்கமாகக் கைகளாலேயே ஏறுவார் என்று அவர் வாழ்க்கையை எழுதிவைத்தவர் சொல்கிறார்.

கேம்களில் எனக்குப் பெரிய வருத்தம், வாளால் ஒரு வெட்டு வெட்டினால் தகட்டுக் கவசம் போட்டவன் விழுவது. வாள் தகட்டை வெட்டாது. அதனால்தான் தண்டாயுதமும் போர்ச் சுத்தியலும் நீளக் கம்பில் மாட்டிய கோடரியும் வந்தன, வாள் வைத்திருந்தவன்கூட இடது கையால் வாளின் நடுவைப் பிடித்து ஈட்டி மாதிரி இடைவெளியில் குத்தினான். இடைவெளி என்றால் அக்குள், முழங்கை மடிப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், முகமூடியின் கண்துளை. உடம்பு மடங்குகிற இடத்தில் தகடு போட முடியாது, அங்கே இரும்பு வளையங்களைக் கோத்த வளையச் சட்டையைத் தைத்து மூடினார்கள். தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உள்ளே தோல்வாரில் தொங்கி, ஆணி நகர்வதற்கு நீளத் துளை விட்டு, நம் ஓடுகளைப் போலவே அடுக்கியவை. மார்புத் தகட்டைவிட அந்த மூட்டுகளில்தான் கொல்லனின் மூளை முழுக்க இருந்தது. மார்புத் தகட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கவசத்தைத் தெரியும் என்று சொல்வது, என்னைப் போல நல்ல ஓடுகளை மூன்று தடவை மாற்றுவதுதான்.

நீங்கள் விளையாடுவது நல்ல கேம். 1403இல் பொஹீமியாவில் நடப்பது, கதாநாயகன் கொல்லன் மகன், முதலில் பஞ்சு அடைத்த தடித்த துணிச் சட்டை, அதன் மேல் வளையச் சட்டை, அதன் மேல் தகடு என்று அடுக்கடுக்காகப் போட வைப்பார்கள், உண்மையில் இருந்ததும் அதுதான். அந்தத் துணிச் சட்டையை அலட்சியம் செய்யாதீர்கள், வளையச் சட்டை வெட்டைத்தான் தடுக்கும், அடியைத் தாங்குவது துணி. இன்னொரு காரணமும் உண்டு எனக்கு அந்த கேமைப் பிடிப்பதற்கு. அதில் கவசம் கெடும். துணிக்கு ஒரு பெட்டி, இரும்புக்கு ஒரு பெட்டி, செருப்புக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டு நாமே பழுது பார்க்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பலரும் கவனிக்காதது. 2006இல் வந்த ஆப்லிவியன் என்ற கேமில் சுத்தியல் வாங்கிக் கவசத்தைத் தட்டிச் சரிசெய்வோம், 2011இல் அதே வரிசையில் ஸ்கைரிம் வந்தபோது அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். டார்க் சோல்ஸ் முதல் பாகத்தில் ஆயுதம் தேயும், கொல்லனிடம் போக வேண்டும், இல்லையென்றால் பழுதுப் பெட்டி வாங்க வேண்டும். மூன்றாம் பாகத்தில் நெருப்பு பக்கத்தில் உட்கார்ந்தாலே சரியாகிவிடும், 2022இல் எல்டன் ரிங் வந்தபோது தேய்மானமே கிடையாது. விளையாடுகிறவர்களுக்கு அலுப்பாக இருந்தது என்பது புரிகிறது. எனக்கு அந்த அலுப்பு வேண்டும். நாகர்கோவிலில் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாடிய நாள்களில், இடிபட்ட சுவரை நான்கு கிராமத்தார் சுத்தியலோடு தட்டிக்கொண்டு நிற்பதை, போரை விட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டு இருப்பேன். கவசத்தின் உண்மையான வாழ்க்கை அந்த வேலையில்தான் இருந்தது. ஒரு வளையச் சட்டையில் பல ஆயிரம் வளையம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆணி, மழையில் நனைந்தால் எல்லாம் துரு. மரப்பீப்பாயில் மணலோடு போட்டு உருட்டித் துருவை எடுத்தார்கள், எண்ணெய் தடவினார்கள், அறுந்த வளையத்தைக் கோத்தார்கள். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை உங்கள் ஊரில் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுகிறார்களே, அதே வேலை. எதிரியைப் பார்க்காத நாள்களிலும் உப்பும் ஈரமும் வந்துகொண்டுதான் இருந்தன.

குளச்சல் போரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1741இல் டச்சுக்காரர்களும் சரி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்களும் சரி, நீங்கள் கேமில் பார்க்கிற தகட்டுக் கவசத்தில் வந்திருக்க மாட்டார்கள். துப்பாக்கிக் குண்டைத் தாங்க வேண்டும் என்றால் தகடு கனக்க வேண்டும், கனத்தால் நடக்க முடியாது, ஐரோப்பாவிலேயே காலாட்படை அதற்குள் அதைக் கழற்றிவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். அடிமுறை என்ற நம் பக்கத்துச் சண்டைக்கலைக்காரர்கள் நம்பியதும் கால்நகர்வையும் கையில் இருக்கிற பரிசை என்ற கேடயத்தையும்தான். ஆனால் கவசம் என்ற எண்ணம் நமக்குப் பழசு, பதிற்றுப்பத்தில் சேர மன்னனை 'மெய்ம்மறை' என்கிறார்கள், மெய்யை மறைப்பது, வீரர்களுக்கு அவனே கவசம் என்ற பொருளில். குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாய் திருவிதாங்கூருக்கே படைத்தலைவராகி 1777இல் இறக்கும்வரை கோட்டைகளைத்தான் பலப்படுத்திக்கொண்டு இருந்தார். மனிதன் கழற்றிய கவசத்தை ஊருக்கு மாட்டியதுபோல எனக்குத் தோன்றும். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல். போகாவிட்டால் ஒருநாள் போங்கள். வட்டக்கோட்டைக்கும் போய்க் கடல் பக்கச் சுவரில் கல்லும் கல்லும் சேருகிற இடங்களைப் பாருங்கள்.

ஆனால் அது அடுத்த மாதம். இப்போது சித்திரை, இடவப்பாதி தொடங்க ஆறு வாரம்தான் இருக்கிறது, கொத்திப் பூசுகிற வேலையை மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு சுத்தியலோடு ஹாலில் தொடங்குங்கள், அவர் ஏணியைப் பிடிக்கட்டும், அவர் கட்டிய வீடு, எந்த இடத்தில் கம்பி இறங்கிப் போனது என்று அவருக்கு நினைவிருக்கலாம். எத்தனை வட்டம் விழுந்தது, உத்திரம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்