முதுகுப்பைக்குப் பாரமாகாத ஹெட்லேம்ப் (நெற்றியில் மாட்டும் விளக்கு): வாசகர் கேள்விகள்

கேள்வி: 1000 லூமனும் இருக்கிறது, 300-ம் இருக்கிறது. மலைநடைக்கு எதை வாங்க?

லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. 300 தாராளம். அதையும் முழுசாகப் பயன்படுத்தப் போவதில்லை. டென்டுக்குள் 5 முதல் 10 லூமன் போதும், சமைக்க ஒரு 40, பாதையில் நடக்க 100 சொச்சம். அதற்கு மேல் வேண்டியிருப்பது வழி தவறித் தேடும்போதுதான். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பதை விடுங்கள். குறைந்தபட்ச வெளிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். 10 லூமனுக்குக்கூட இறங்காத விளக்கைப் போட்டால் பக்கத்தில் தூங்குபவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கேள்வி: 40 மணி நேரம் எரியும் என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா சார்?

பொய்யில்லை, ஆனால் கணக்கு வேறு. ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற, கைவிளக்குகளுக்கான தரமுறைப்படி, விளக்கைப் போட்ட 30-வது விநாடியில் அளந்த வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும்வரை ஆகும் நேரம் அது. அதாவது, 300-ல் தொடங்கியது 30 லூமனுக்குச் சரியும்வரை மணி ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன விளக்குகள் பலவும் சூடு தாங்காமல் சில நிமிடங்களிலேயே தானாக மங்கிவிடும், மீதி நேரமெல்லாம் அந்த மங்கலில்தான். வெளிச்சம் எட்டும் என்று போடும் தூரமும் இதே கதை: 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம், விழும் இடம்வரை அளக்கிறார்கள். அங்கே கல் எது, குழி எது என்று தெரியாது. 100 லூமன் வாக்கில் எத்தனை மணி நிற்கும் என்று தனியாகப் பாருங்கள்.

கேள்வி: சார்ஜ் போடும் வகையா, ஏஏஏ பேட்டரியா?

பவர் பேங்க் எப்படியும் பையில் இருக்கும் என்றால் சார்ஜ் வகைதான். மூன்று ஆல்கலைன் பேட்டரிகளே சுமார் 35 கிராம். அந்த எடைக்கு முழு ஹெட்லேம்ப்பே கிடைக்கிறது. விளம்பரத்தில் சொல்லும் எடையில் பேட்டரியும் பட்டையும் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அங்கேதான் வித்தையே.

குளிரில் ஆல்கலைன் சோர்ந்துவிடும். லித்தியம் ஏஏஏ தாங்கும், எடையும் குறைவு. சார்ஜ் வகையை உறைகுளிரில் சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி கெட்டுவிடும். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். அப்புறம், சில மலிவான விளக்குகளில் டைப்-சி துளை இருந்தாலும் இருபுறமும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. கிளம்பும் முன் வீட்டிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முதல் நாள் முழு சார்ஜ் போட்டேன். மறுநாள் எடுத்தால் காலி. விளக்கில் கோளாறா?

பெரும்பாலும் பைக்குள் பட்டன் அழுந்தி எரிந்திருக்கும். லாக் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். ஏஏஏ விளக்கென்றால் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டால் சரி.

கேள்வி: சிவப்பு வெளிச்சம் அவசியமா?

இருந்தால் நல்லது. இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். மங்கலான சிவப்பு அதை அவ்வளவாகக் கெடுக்காது. வரைபடம் பார்க்க மட்டும் வேண்டாம், சிவப்புக் கோடெல்லாம் காணாமல் போய்விடும்.

கேள்வி: மூடுபனியில் வெள்ளைச் சுவர் மாதிரி தெரிகிறது. இன்னும் பவர் உள்ளதை வாங்கவா?

வேண்டாம், சுவர் இன்னும் வெளுக்கும். நெற்றியிலிருந்து கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைத்து நடங்கள். தரையின் மேடுபள்ளம் நிழலோடு தெரியும்.