வாசகர் கேள்விகள்: அமெரிக்க வாக்காளரின் விசுவாசம் யாருக்கு?

கேள்வி: டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்தில் அவருடைய மசோதாக்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஆதரித்தவர், அவருடைய குடியரசுக் கட்சியின் வயோமிங் மாநிலப் பிரதிநிதி லிஸ் செனி. அவரையே குடியரசுக் கட்சியினர் ஒதுக்கித் தள்ளியதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: செனி கொள்கையிலிருந்து விலகியதால் தோற்றார் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு நேராகாது. வரிக்குறைப்பு, துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு என எதை எடுத்தாலும் அவர் உறுதியான வலதுசாரி. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பின், டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்தார். 2020 தேர்தல் திருடப்பட்டது என்ற பொய்யைத் திருப்பிச் சொல்ல மறுத்தார். அவர் மீது கட்சிக்கு இருந்த கோபத்துக்கு இவையே காரணம். அந்த ஆண்டு மே மாதம், பிரதிநிதிகள் சபையில் அவர் வகித்த கட்சித் தலைமைப் பொறுப்பு பறிக்கப்பட்டு, நியூயார்க்கின் எலிஸ் ஸ்டெஃபானிக்கிடம் தரப்பட்டது. இந்த ஸ்டெஃபானிக், டிரம்ப் தன் பெரும் சாதனையாகச் சொல்லிக்கொண்ட 2017 வரிக்குறைப்புச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். எல்லைச் சுவருக்காக 2019இல் டிரம்ப் பிறப்பித்த அவசரநிலைப் பிரகடனத்தையும் எதிர்த்தவர். ஆனால் தலைவருக்கு நெருக்கடி வந்த நேரத்தில் அவர் பக்கம் நின்றார். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2022 ஆகஸ்டில் நடந்த வயோமிங் மாநில உட்கட்சித் தேர்தலில் செனி சுமார் 37 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார்.

இதைத் தனியொருவரின் கதையாக நான் பார்க்கவில்லை. 2020இல் குடியரசுக் கட்சி புதிய கொள்கை அறிக்கை எதையும் எழுதவில்லை. 2016 அறிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, அதிபரின் செயல்திட்டத்தைத் தொடர்ந்து ஆதரிப்போம் என்று தீர்மானம் போட்டது. 1993இல் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பிரதிநிதிகள் சபையில் பெற்ற 234 வாக்குகளில் 132 குடியரசுக் கட்சியினுடையவை. அதே கட்சி கால் நூற்றாண்டுக்குப் பிறகு இறக்குமதி வரியைத் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டது. ஒரு கட்சி தன் கருத்தை மாற்றிக்கொள்வது குற்றமன்று. விவாதித்து மாறியதா, தலைவர் திரும்பிய திசையில் தானும் திரும்பியதா என்பதே என்னை உறுத்தும் கேள்வி.

கேள்வி: அப்படியானால் சாதாரண அமெரிக்க வாக்காளருக்குக் கருத்தியலே கிடையாதா?

பதில்: விருப்பங்கள் உண்டு, அவற்றைக் கோத்து ஒரு முழுமையான கருத்தியலாக வைத்திருப்பவர்கள் குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950களிலேயே இதைக் கண்டறிந்தார்கள். கட்சிப் பற்று பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது, மத அடையாளத்தைப் போல நிலைக்கிறது, கொள்கைக் கருத்துகள் பல நேரங்களில் அதைப் பின்தொடர்ந்து வருகின்றன என்பது அவர்களுடைய முடிவு. இன்று தம்மைக் கட்சி சாராதவர்கள் என்று சொல்லிக்கொள்வோர் கருத்துக்கணிப்புகளில் 40 சதவீதத்தைத் தாண்டுகிறார்கள் என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்களைப் போலவே வாக்களிப்பவர்கள்.

கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் அதே மனிதர்கள் எப்படி வாக்களிக்கிறார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 2020 நவம்பரில் ஃபுளோரிடா டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தது. அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்தும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஏறத்தாழ 61 சதவீத ஆதரவுடன் நிறைவேற்றியது. மிசௌரி 2018இல் குறைந்தபட்சக் கூலி உயர்வை 62 சதவீத ஆதரவுடன் ஏற்று, அதே நாளில் குடியரசுக் கட்சியின் ஜோஷ் ஹாலியை செனட்டுக்கு அனுப்பியது. கூலியைப் பற்றிய கேள்வி வாக்காளரிடம் அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறது. வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்சியின் பெயரோ, நீ எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று கேட்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் அவர் உண்மையாகத்தான் பதில் சொல்கிறார். தம் நலனுக்கு எதிராகவே வாக்களிக்கும் அறியாமை கொண்டவர்கள் என்று இவர்களை இகழ்வதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மிசௌரி மக்கள் 2020 ஆகஸ்டில், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்டை விரிவுபடுத்த வாக்களித்தார்கள். மாநிலச் சட்டமன்றம் மறு ஆண்டு அதற்கு நிதி ஒதுக்க மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 தேர்தலில் அதே கட்சிக்கு அதே சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான பெரும்பான்மை மீண்டும் கிடைத்தது. எது செய்தாலும் தன்னை விட்டுப் போகாத வாக்காளருக்கு அஞ்ச வேண்டிய தேவை அரசியல்வாதிக்கு இல்லை.

கேள்வி: பாப்புலிசம் என்ற வெகுஜனவாதம் டிரம்ப்புடன் வந்த நோய்தானே?

பதில்: இல்லை, அந்தச் சொல் அரசியலுக்குள் வந்ததே அமெரிக்க உழவர்களால்தான். விளைபொருள் விலை வீழ்ச்சியாலும் கடனாலும் ரயில் நிறுவனங்களின் சரக்குக் கட்டணத்தாலும் நசுங்கிப்போனவர்கள் 1892இல் ஒமாஹா நகரில் மக்கள் கட்சியின் கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். அவர்களுடைய அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாக்குகளையும், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் 22 வாக்குகளையும் பெற்றார். வருமானத்துக்கு ஏற்ப உயரும் வரி, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது ஆகிய கோரிக்கைகள் அன்று கிறுக்குத்தனம் என்று ஏளனம் செய்யப்பட்டன. 1913இல் வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றன. ஆகவே வெகுஜனவாதம் என்றாலே கேடு என்று சொல்பவர்களுடன் நான் உடன்படுவதில்லை.

மக்கள் ஒரு பக்கம், மேட்டுக்குடியினர் மறு பக்கம் என்று அது கோடு கிழிக்கிறது. மக்கள் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜார்ஜியாவின் டாம் வாட்சன் என்ற ஒரே மனிதரின் வாழ்வில் இதன் இரண்டு முகங்களையும் காணலாம். 1890களின் தொடக்கத்தில், கறுப்பின ஏழை உழவரும் வெள்ளையின ஏழை உழவரும் ஒன்றுசேர வேண்டும் என்று மேடைதோறும் முழங்கினார். தோல்விகளுக்குப் பிறகு அதே வாய் கறுப்பின மக்கள் மீதும் யூதர்கள் மீதும் கத்தோலிக்கர்கள் மீதும் வெறுப்பைக் கக்கியது. 1920இல் அவர் செனட்டராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எளிய மக்களுக்காகப் பேசுகிறேன் என்ற அவருடைய அறிவிப்பு மட்டும் கடைசிவரை மாறவில்லை.

கேள்வி: ஜனநாயகக் கட்சியினர் இந்தக் குருட்டு விசுவாசத்திலிருந்து விடுபட்டவர்களா?

பதில்: விடுபட்டவர்கள் அல்லர். பைடன் மறுபடியும் போட்டியிட முடியாத அளவுக்கு முதுமை அடைந்துவிட்டார் என்று அவர் கட்சியின் ஆதரவாளர்களிலேயே பெரும்பான்மையினர் கருத்துக்கணிப்புகளில் சொல்லிக்கொண்டிருந்தபோதும், 2024 ஜூன் 27 விவாதம் வரை கட்சியின் முன்னணியினர் அதைப் பொதுவெளியில் பேசவில்லை. ஜூலை 21 அன்று அவர் விலகினார். இறுதியில் தலைவரை விலகச் செய்த கட்சி என்ற பெருமையை அதற்குத் தரலாம். அந்த மௌனம் தின்றுவிட்ட மாதங்களைத் திருப்பித் தர முடியாது.

கேள்வி: தலைவரை எதிர்க்கத் துணிந்த அரசியல்வாதி பிழைக்க வழியே இல்லையா?

பதில்: தேர்தல் முறையைப் பொறுத்தது. பெரும்பாலான தொகுதிகள் ஏதேனும் ஒரு கட்சிக்கு உறுதியானவை. அங்கே உண்மையான போட்டி உட்கட்சித் தேர்தலில் முடிந்துவிடுகிறது, அதில் வாக்களிக்க வருவோர் சிறுபான்மையினர். 2021இல் பதவிநீக்கத்தை ஆதரித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேரில் நால்வர் போட்டியிலிருந்து ஒதுங்கினார்கள், நால்வர் தோற்றார்கள், இருவர் மட்டுமே சபைக்குத் திரும்பினார்கள். அந்த இருவரும் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே முதல்கட்டத் தேர்தலில் நிற்க, முதல் இருவர் இறுதிச் சுற்றுக்குப் போகிறார்கள். முறை மட்டுமே காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல மாட்டேன், ஏனெனில் அதே வாஷிங்டனில் ஜெய்மி ஹெரேரா பியூட்லர் முதல்கட்டத்திலேயே வெளியேறினார். அந்தத் தொகுதி நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது.

அலாஸ்கா இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அங்கே பொதுவான முதல்கட்டத் தேர்தலில் நால்வர் தேர்வாகிறார்கள். இறுதிச் சுற்றில் வாக்காளர் தம் விருப்பத்தை வரிசைப்படுத்துகிறார். அந்தப் பதவிநீக்கத் தீர்மானம் செனட்டில் விசாரணைக்கு வந்தபோது டிரம்ப்பைக் குற்றவாளி எனத் தீர்மானிக்க வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர் லிசா மர்காவ்ஸ்கி, 2022இல் டிரம்ப் ஆதரித்த வேட்பாளரை இம்முறையில் வென்றார். இந்த முறையையே ஒழித்துவிட 2024இல் அம்மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. சில நூறு வாக்குகள் வித்தியாசத்தில் அது தப்பியது.