சொட்டு மருந்து போட்ட பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு வருமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. நேற்று முன்தினம் இரவு வாந்தியில் தொடங்கியது, இப்போது தண்ணீராகப் போகிறது. ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டோம். இலவச மருந்து என்பதால் பிடிக்கவில்லையா? தனியாரில் மறுபடி போடலாமா? மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சிரப்பும், ஆரஞ்சு சுவையில் ஓ.ஆர்.எஸ். டப்பாவும் தந்தார்கள். மாமியார் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார். குடல் தட்ட ஆளும் பார்த்து வைத்திருக்கிறார்.
- ஒரு தாய், கருங்கல்

பதில்: மருந்து பிடிக்காமல் போகவில்லை அம்மா. ரோட்டா என்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு வைரஸ். ரோட்டா சொட்டு மருந்து வயிற்றுப்போக்கே வராமல் காப்பதற்கானது அல்ல. வந்தாலும் பிள்ளை வாடிப்போய் ட்ரிப்ஸ் ஏற்றும் நிலைக்குப் போகாமல் காப்பதுதான் அதன் வேலை. அதையும் நூற்றுக்கு நூறு செய்வதில்லை. வேலூர் உள்பட நம் நாட்டில் மூன்று ஊர்களில் நடந்த ஆய்வில், முதல் வயதில் கடுமையான ரோட்டா நோய் பாதிக்குச் சற்று மேல் குறைந்தது. நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ என்று வேறு வைரஸ்களும் உண்டு. அவற்றை இந்த மருந்து தடுக்காது. தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு இலவசமாகப் போடும் இந்தச் சொட்டு மருந்தைக் குறைவாக நினைக்க ஒரு காரணமும் இல்லை. தனியாரில் மறுபடி போட வேண்டாம், அதற்கான வயதும் தாண்டிவிட்டது. எந்த வைரஸ் என்று பார்க்க லேப்புக்கும் ஓட வேண்டாம். பெயர் தெரிந்தாலும் வைத்தியம் இதேதான்.

இனி அந்த ஆரஞ்சு டப்பா. அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஓ.ஆர்.எஸ். என்பது போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல். உண்மையான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்பு 2.6 கிராம். அந்த அளவில் இருந்தால்தான் குடல் உப்பையும் சர்க்கரையும் சேர்த்து இழுக்கும், கூடவே தண்ணீரும் உள்ளே போகும். சுவைக்காகச் சர்க்கரையைப் பல மடங்கு கூட்டினால் உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்கு இறங்கி, போக்கு அதிகமாகிவிடும். இப்படிப்பட்ட சர்க்கரைப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்பதை 2022-இல் தடுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதே ஆண்டு 'இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஓரத்தில் அச்சடித்தால் போதும் என்று இறங்கி வந்தது. வயிற்றால் போகும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பாள்? அட்டையில் ஓ.ஆர்.எஸ். என்று போடவே கூடாது என்று உத்தரவிட 2025 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் குடித்திருக்கும்! உத்தரவு வந்துவிட்டதே என்று கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று எழுதிய தூள் பொட்டலமாகக் கேளுங்கள். துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் காசில்லாமல் கிடைக்கும்.

கலக்குவதிலும் தப்பு நடக்கிறது. 21 கிராம் பெரிய பொட்டலம் முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பிள்ளை குடிப்பது கொஞ்சம்தானே என்று அதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஏறி ஆபத்து. கால் பொட்டலம், அரைப் பொட்டலம் என்று கண்ணளவாகவும் போடாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து பாத்திரத்தில் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் போட்டுக் கலக்குங்கள். மீதியை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. கக்கினால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். பால் சேர்க்காத கட்டஞ்சாயா, குளுக்கோஸ் பவுடர், பாட்டில் ஜூஸ் எதுவும் இதற்கு ஈடாகாது.

சிரப்பைத் திறக்க வேண்டாம். வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. இதை டாக்டருக்குப் படித்தவர்களும் அறிவார்கள், கடைக்காரரும் அறிவார். ஆனாலும் வெறும் உப்புத்தூள் எழுதிக் கொடுத்தால் தாய் திருப்தியாக மாட்டாள் என்று எழுதுகிறார்கள், சீட்டே இல்லாமலும் விற்கிறார்கள். போக்கை உடனே நிறுத்தும் மாத்திரை என்று எதைத் தந்தாலும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மாமியார் சொன்னாலும் பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, வேகவைத்து மசித்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) என்று வழக்கமான சாப்பாடும் கொடுக்கலாம்.

குடல் தட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயிற்றை உருட்டுவதாலோ தட்டுவதாலோ வைரஸ் போகாது. சில நாளில் தானாக அடங்கும் நோய்க்கு, தட்டியவர் பெயர் வாங்கிக்கொள்கிறார். பயம் எனக்கு அதில் இல்லை. குடலுக்குள்ளேயே குடல் செருகிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. இரண்டு வயதுக்குள், அதிலும் ஒரு வயதுக்குள்தான் அதிகம். பிள்ளை திடீரென்று வீறிட்டு அழும், கால்களை வயிற்றோடு மடக்கும், சில நிமிடத்தில் அடங்கிச் சோர்ந்து கிடக்கும், மறுபடி வீறிடும். வாந்தி முதலில் பாலாக வரும், பிறகு பச்சையாகும். மலம் சிவந்த ஜெல்லி போல வருவது கடைசியில்தான், சிலருக்கு வராமலும் போகும். வீட்டில் இதைச் சீதபேதி என்பார்கள், இல்லாவிட்டால் குடலேற்றம் என்று தட்டக் கொண்டுபோவார்கள். ஒரு ஸ்கேனில் கண்டுபிடித்து, பெரும்பாலும் ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புநீரோ செலுத்திக் கத்தியில்லாமல் சரிசெய்துவிடலாம். தட்டிக்கொண்டு ஒரு நாள் கடத்தினால் செருகிய குடலுக்கு ரத்தம் நின்று, அழுகி, அதை வெட்டி எடுக்க வேண்டி வரும். இப்படி விட்டு விட்டு அழுகை வந்தால் அக்கம்பக்கத்தில் யோசனை கேட்க வேண்டாம், நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள்.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் இல்லாதது, கண் குழி விழுவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், குடித்ததெல்லாம் கக்குவது, இதில் எது வந்தாலும் இரவானாலும் கிளம்புங்கள். 108 இருக்கிறது.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகனுக்கு தினம் 20 மில்லிகிராம், ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ பாலிலோ கரைத்து, 14 நாள். போக்கு நாலாம் நாளே நின்றாலும் மீதி மாத்திரையையும் முடிக்க வேண்டும்.