சிபியூ எண்ணை நம்பி விழும் கெர்னல்கள்: கேள்வி பதில்

கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, விழுவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ப்ராசஸர்களுக்கு 0, 1, 2, 3 என்று இடைவெளியே இல்லாமல் எண் வரும் என்று நம்பி எழுதிய கோட். லாக் அனுப்புபவர்கள் படம் எடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். முகவரிகளை வைத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதிய சிறிய கெர்னல் ஒற்றை சாக்கெட் (ப்ராசஸர் சிப் பொருத்தும் இடம்) மெஷினில் நன்றாக ஓடுகிறது. சாக்கெட்டுக்கு ஆறு கோர் வீதம் இரண்டு சாக்கெட் உள்ள எக்ஸ்86 மெஷினில் பூட் ஆகும்போதே விழுகிறது. மொத்தம் 12 கோர், ஒவ்வொரு கோரின் தகவலையும் வைக்கும் அரேயிலும் 12 இடம் விட்டிருக்கிறோம். விழும் இடம் வேறு ஏதோ சம்பந்தமில்லாத ஃபங்ஷன்.

பதில்: அரேக்கு இன்டெக்ஸாக ஏபிக் ஐடியை, அதாவது கோருக்கு வன்பொருள் தரும் எண்ணை, போட்டிருப்பீர்கள். அது வரிசை எண் இல்லை, முகவரி மாதிரி. எத்தனையாவது சாக்கெட், அதில் எத்தனையாவது கோர் என்பதை பிட்களாக அடுக்கி அந்த எண்ணை அமைக்கிறார்கள். ஆறு கோரைக் குறிக்க மூன்று பிட் வேண்டும், மூன்று பிட்டில் எட்டு எண் அடங்கும். அதனால் முதல் சாக்கெட் 0 முதல் 5 வரை, இரண்டாவது 8 முதல் 13 வரை. 6, 7 என்று யாருமே இல்லை. கோருக்கு இரண்டு த்ரெட் என்றால் இன்னொரு பிட் சேர்ந்து இரண்டாவது சாக்கெட் 16-ல் தொடங்கும்.

இப்போது உங்கள் 12 இட அரேயைப் பாருங்கள். 8 முதல் 11 வரை உள்ள கோர்கள் அரேக்குள்ளேயே விழுவதால் எதுவும் தெரியாது. 12, 13 இரண்டும் எல்லை தாண்டி, நினைவகத்தில் அரேக்கு அடுத்திருக்கும் வேறொரு மாறியின் மேல் எழுதுகின்றன. அந்த மாறியை யார் பிறகு படிக்கிறார்களோ அவர்கள்தான் விழுவார்கள். சம்பந்தமில்லாத ஃபங்ஷனில் விழுவது இதனால்தான். லிங்கர் தரும் சிம்பல் மேப்பை (எந்த மாறி எந்த முகவரியில் என்ற பட்டியல்) எடுத்து, அரேக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். நேரடியாகப் பேஜ் ஃபால்ட் (தொடக் கூடாத முகவரியைத் தொட்டதால் வரும் பிழை) வந்தால் வேலை இன்னும் எளிது: விழுந்த முகவரியிலிருந்து அரேயின் தொடக்க முகவரியைக் கழித்து, ஓர் உறுப்பின் அளவால் வகுங்கள். வரும் எண் 13 என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். கெர்னல் பிழை தேடுவதில் இந்த ஒரு வகுத்தல் எனக்குப் பல நாட்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

மெஷினின் வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ தரும் ப்ராசஸர் அட்டவணையையும் வரி எண்ணி நம்பாதீர்கள். இயங்காத ப்ராசஸருக்கும் அதில் வரி இருக்கலாம். இயக்கத்தில் இருக்கிறது என்ற கொடியைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

சரிசெய்ய: எழுந்து வரும் ஒவ்வொரு கோருக்கும் உங்கள் கெர்னலே 0, 1, 2 என்று ஒரு லாஜிக்கல் எண் கொடுக்கட்டும். அதிலிருந்து ஏபிக் ஐடிக்குப் போக ஓர் அட்டவணை போதும். எதிர்த்திசைக்கு அட்டவணை வேண்டாம். பழைய ஏபிக் ஐடி 8 பிட், எக்ஸ்2ஏபிக்கில் 32 பிட், அவ்வளவு பெரிய அரே யாராலும் வைக்க முடியாது. ஒவ்வொரு கோரும் தன் எண்ணைத் தன் ஜிஎஸ் பேஸ் (கோருக்குக் கோர் தனியாக உள்ள பதிவேடு) காட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த மெஷின் கையில் இல்லாதபோது மெஷினைப் போல நடிக்கும் மென்பொருளான க்யூஎமுவில் இரண்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு மூன்று கோர் என்று கொடுங்கள். ஐடிகள் 0, 1, 2, 4, 5, 6 என்று வரும். மேசையிலேயே பிழையைக் கொண்டுவந்துவிடலாம்.

கேள்வி: என் லேப்டாப் வாரம் ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சிபியூ எண் பிரச்சினையாக இருக்குமா?

பதில்: இருக்காது. இந்த வகைப் பிழை அதே சூழலில் திரும்பத் திரும்ப விழும். முதலில் மெமரி சோதனை ஓட்டுங்கள், பிறகு சூட்டைப் பாருங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4-ல் ஓடிய என் கெர்னலை பை 5-க்கு மாற்றுகிறேன். ஃபர்ம்வேரிடம் கோரை எழுப்பக் கேட்கும் பிஎஸ்சிஐ அழைப்பில் கோர் 1-ஐ எழுப்பச் சொன்னால் −2 திரும்ப வருகிறது. ஒருவர் சொன்னபடி 256 கொடுத்தேன். எழுந்தது, உடனே எல்லாம் குழம்பி விழுந்தது.

பதில்: நல்ல கேள்வி, இதில் இரண்டு பிழை ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஆர்மில் கோரின் அடையாளம் எம்பிஐடிஆர் பதிவேட்டில் 8 பிட் கொண்ட தனித்தனிப் பகுதிகளாக இருக்கும். பை 4-ன் கார்டெக்ஸ்-ஏ72-ல் கோர் எண் கடைசிப் பகுதியில் வரும்: 0, 1, 2, 3. பை 5-ன் கார்டெக்ஸ்-ஏ76-ல் கடைசிப் பகுதி த்ரெட்டுக்கு, கோர் எண் அதற்கு மேலுள்ள பகுதியில். அதனால் 0, 256, 512, 768. கோர் 1 என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. −2 என்பது தவறான அளவுரு என்று பிஎஸ்சிஐ சொல்வது.

256 கொடுத்ததும் கோர் எழுந்தது. எழுந்தவுடன் உங்கள் அசெம்பிளி கோட் கடைசி இரண்டு பிட்டையோ எட்டு பிட்டையோ மட்டும் எடுத்துத் தன் எண்ணைக் கணக்கிட்டிருக்கும். 256-ன் கடைசி எட்டு பிட் பூஜ்ஜியம். ஆகவே அந்தக் கோர் தன்னைக் கோர் 0 என்று நினைத்து, கோர் 0 ஓடிக்கொண்டிருக்கும் அதே ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எழுதும் நினைவகம்) போய் உட்கார்ந்தது. இரண்டு பேர் ஒரே ஸ்டாக்கில் எழுதினால் திரும்பிப் போகும் முகவரி அழியும். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் பேக்ட்ரேஸ் அர்த்தமில்லாமல் இருந்திருக்குமே?

எழுப்பும் அழைப்பிலேயே ஒரு கூடுதல் மதிப்பு கொடுக்க இடம் உண்டு. அது எழும் கோரின் எக்ஸ்0 பதிவேட்டில் அப்படியே வந்து சேரும். ஸ்டாக்கின் முகவரியை அதில் கொடுத்துவிடுங்கள். எழும் கோர் தன் எண்ணைக் கணக்கிடவே தேவையில்லை. எந்தெந்த எண்ணை எழுப்புவது என்பதை டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரப் பட்டியலில் இருந்து படியுங்கள். பை 2-ல் இந்த எண்கள் 3840-ல் தொடங்கின, ஆனால் கடைசி பிட்கள் 0 முதல் 3 வரை இருந்ததால் வெட்டி எடுக்கும் கோட் தப்பித்துக்கொண்டது. அந்தப் பழக்கம்தான் இன்றுவரை நகலாகி வருகிறது.

கேள்வி: எட்டு கோரில் ஓடுகிறது, இருபதில் விழுகிறது. ஏன்?

பதில்: முதல் பதில். வன்பொருள் எண்ணை அரேக்கு இன்டெக்ஸாகப் போடாதீர்கள்.

கேள்வி: லினக்ஸ்தான் லாஜிக்கல் எண்களை வரிசையாகத் தருகிறதே. டிரைவர் எழுதும் எங்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: பூட் ஆன நொடியில், பெரும்பாலான மெஷின்களில், நீங்கள் சொல்வது சரி. நான்கு சிபியூவில் 2-ஐ ஆஃப்லைன் செய்து பாருங்கள். ஆன்லைனில் இருப்பவை 0, 1, 3. எண்ணிக்கை 3. எண்ணிக்கை வரை ஓடும் உங்கள் லூப் 0, 1, 2-ஐத் தொடும். அணைந்துபோன 2-ஐத் தொட்டு, உயிரோடிருக்கும் 3-ஐ விட்டுவிடும்.

அவரே: நாங்கள் எதையும் ஆஃப்லைன் செய்வதில்லை.

பதில்: நீங்கள் செய்யாவிட்டாலும் கெர்னல் செய்யும். மெஷின் சஸ்பெண்ட்-டு-ரேம் முறையில் தூங்கப் போகும்போது ஒரு சிபியூவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் லினக்ஸ் ஆஃப்லைனுக்குக் கொண்டுபோகிறது. பூட் ஆகும்போது ஒரு கோர் எழாமல் போனாலும் எண் வரிசையில் அதே ஓட்டைதான்.

அவரே: சரி, அப்படியென்றால் கம்பைல் செய்யும்போது குறிக்கும் உச்ச அளவுக்கே அரே வைத்துவிடுகிறேன். விவாதமே வேண்டாம்.

பதில்: எக்ஸ்86-ல் அந்த உச்சம் 8192 வரை போகலாம். உறுப்புக்கு 64 பைட் என்றால் 512 கிலோபைட், நான்கு கோர் மெஷினிலும். அதே அளவுள்ள சிபியூ மாஸ்க் (சிபியூவுக்கு ஒரு பிட் வீதம் உள்ள பட்டியல்) ஒன்றை ஸ்டாக்கில் வைத்தால் ஒன்றுக்கே 1024 பைட். கெர்னல் ஸ்டாக்கில் அது பெரிய துண்டு.

இன்னொருவர்: சாத்தியமான, அதாவது இந்த மெஷினில் எப்போதாவது வரக்கூடிய, சிபியூக்களின் எண்ணிக்கையை எடுத்து அந்த அளவுக்கு ஒதுக்கினால்?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், நான் பார்க்கும் டிரைவர்களில் அதிகம் வருவது இதுதான். எண்ணிக்கை வேறு, மிகப் பெரிய எண் வேறு. சாத்தியமானவை 0, 1, 4, 5 என்றால் எண்ணிக்கை 4, இன்டெக்ஸ் 5 வரை போகும். லினக்ஸில் மிகப் பெரிய சாத்திய எண்ணுடன் ஒன்று கூட்டிய மதிப்பு தனி மாறியாகவே இருக்கிறது. அரே வைத்தே ஆக வேண்டுமானால் அந்த அளவுக்கு வையுங்கள். அதைவிட நல்லது ஒவ்வொரு சிபியூவுக்கும் தனி நகல் தரும் பெர்-சிபியூ ஒதுக்கீடு. சுற்றி வரும்போது எண்ணிக்கை வைத்து லூப் போடாமல், சாத்தியமானவை அல்லது ஆன்லைனில் உள்ளவை ஒவ்வொன்றுக்கும் என்று கெர்னல் தரும் மேக்ரோவையே பயன்படுத்துங்கள். ஆன்லைன் பட்டியலைச் சுற்றினால் நடுவில் சிபியூ சேராமலும் நீங்காமலும் தடுக்கும் ஹாட்பிளக் பூட்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாமவர்: எங்கள் மெஷினில் அப்படி ஓட்டை வராது என்று இன்னமும் நினைக்கிறேன்.

பதில்: உங்கள் மெஷினில் வராமல் இருக்கலாம். உங்கள் டிரைவர் அந்த ஒரு மெஷினில் மட்டுமா ஓடப்போகிறது? கேசன் என்ற நினைவகப் பிழை பிடிக்கும் கருவியைப் போட்டு பில்ட் செய்து, ஓட்டையுள்ள அமைப்பில் ஒருமுறை ஓட்டுங்கள். எல்லை தாண்டினால் அந்த இடத்திலேயே காட்டிவிடும். அதற்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிபியூ 32-க்கு அனுப்பும் சிக்னல் சிபியூ 0-க்குப் போகிறது.

பதில்: 32 பிட் முழு எண்ணான 1-ஐ சிபியூ எண் அளவுக்கு இடப்பக்கம் நகர்த்தியிருப்பீர்கள். எக்ஸ்86 அந்த அளவின் கடைசி ஐந்து பிட்டை மட்டும் பார்க்கும், 32 அங்கே 0. சி மொழியில் அது வரையறுக்கப்படாத செயல். சிபியூ மாஸ்க் வகையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஐடி 0 உள்ள கோர்தான் பூட் கோர் என்று வைத்துக்கொள்ளலாமா? ரிஸ்க்-ஃபைவ் போர்டு ஒன்றில் திரை அமைதியாக நிற்கிறது. பாடத்துக்கான சிறிய இயங்குதளமான எக்ஸ்வி6-ஐ ஓபன்எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேர் மேல் ஓடும்படி மாற்றியிருக்கிறோம்.

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. எம்ஐடியின் எக்ஸ்வி6-ல் ஹார்ட் (ரிஸ்க்-ஃபைவில் நிரல் ஓட்டும் அலகு) எண் 0 மட்டும் எல்லாவற்றையும் தொடங்கும், மற்றவை அது முடியும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். சைஃபைவ் எஃப்யூ540 போன்ற சிப்பில் ஹார்ட் 0 ஒரு சிறிய கண்காணிப்புக் கோர், அதில் கெர்னல் ஓடுவதற்கான சூப்பர்வைசர் மோடே கிடையாது. உங்கள் கெர்னல் 1 முதல் 4 வரை உள்ளவற்றில் ஒன்றில்தான் நுழைகிறது. நுழைந்த அந்த ஹார்ட், வரவே போகாத 0-க்காகக் காத்திருக்கிறது. ஏ0 பதிவேட்டில் வரும் ஹார்ட் எண்ணை அடையாளமாக மட்டும் சேமித்து, முதலில் நுழைந்தவரே லாஜிக்கல் 0 என்று வையுங்கள். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது.

கேள்வி: கேடம்ப் கெர்னலில் (முதல் கெர்னல் விழுந்ததும் அதன் நினைவகத்தைச் சேமிக்க எழும் இரண்டாவது கெர்னல்) மட்டும் எங்கள் டிரைவர் விழுகிறது. பூட் சிபியூவின் ஏபிக் ஐடியைப் பார்த்து ஏதோ செய்கிறது.

பதில்: மேலே சொன்னதேதான். எந்தக் கோரில் பழைய கெர்னல் விழுந்ததோ, அதே கோரில்தான் கேடம்ப் கெர்னல் எழுகிறது. அதன் ஏபிக் ஐடி உதாரணமாக 21 ஆக இருக்கலாம், லாஜிக்கல் எண் மட்டும் 0 ஆக இருக்கும். டிரைவரில் ஏபிக் ஐடியைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடும் வரியைத் தேடி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 16 கோரில் ஓடுகிறது, 24-ல் விழுகிறது, காரணம் சொல்ல முடியுமா?

பதில்: மூன்றாவது முறை இதே கேள்வி. முதல் பதிலில் உள்ள கழித்தல், வகுத்தலை முதலில் செய்யுங்கள். வந்த எண்ணோடு, சிஸ் கோப்பு முறையில் சிபியூ அடைவில் உள்ள சாத்தியம், ஆன்லைன் பட்டியல்கள் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த மூன்றும் வந்தால் உட்கார்ந்து பார்க்கிறேன்.