கடலோர வீட்டுக்குத் தஞ்சாவூர் ஓவியம்: படத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கடலை ஒட்டி வீடு கட்டியிருக்கிறோம். கிரகப்பிரவேசத்துக்கு வெண்ணெய்க் கண்ணன் தஞ்சாவூர் ஓவியம் வாங்க வேண்டும். ஒரே அளவுக்குக் கடைக்குக் கடை விலை இரண்டு மடங்கு வித்தியாசம். எதைப் பார்த்து வாங்குவது? உப்புக்காற்றைத் தாங்குமா?

பதில்: தாங்கும். கற்களை எண்ணுவதற்கு முன் பலகையைப் பாருங்கள். பலகை மேல் துணி, துணி மேல் சாக் பவுடரும் கோந்தும் கலந்த பூச்சு. ஓவியம் நிற்பது இதன் மேல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஈரம் குடித்து வீங்கும், கோடையில் சுருங்கும். பூச்சு அந்த அசைவுக்கு வளையாது. மயிரிழையாக வெடித்து, ஓரம் தூக்கி, மேலே ஒட்டிய ரேக்கோடு (மெல்லிய தங்கத் தகடு) உதிரும். ஆகவே சாதா கமர்ஷியல் பிளைவுட் வேண்டாம், ஐ.எஸ். 710 (இந்தியத் தரக் குறியீடு) முத்திரையுள்ள மரைன் பிளைவுட், அதாவது ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை கேளுங்கள். நான்கு விளிம்பிலும் வார்னிஷ் பூசியிருக்க வேண்டும். ஈரம் முதலில் நுழைவது அங்கேதான்.

விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு ரேக்கில் இருக்கும். 22 காரட் தங்க ரேக்கு கறுக்காது. போலி ரேக்கு செம்பும் துத்தநாகமும் கலந்தது; செப்புத் திருமேனிகளையே அரிக்கும் உப்பின் குளோரைடு அதைச் சும்மா விடாது. முதலில் மங்கும், பிறகு கற்களைச் சுற்றிப் பச்சை பூக்கும். புதிதாக இருக்கும்போது கண்ணால் பிரித்தறிவது கடினம். அதனால் "22 காரட் தங்க ரேக்கு, ஐ.எஸ். 710 பலகை" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சொன்னது வேறு, கொடுத்தது வேறு என்றால் 2 ஆண்டுக்குள் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், வாங்கியது தஞ்சாவூராக இருந்தாலும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

படத்துக்குச் சட்டம் (பிரேம்) போடும்போது கண்ணாடி கல்லைத் தொடக் கூடாது, 5 மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். இரும்பு ஆணி துருப்பிடித்துப் பலகையில் கறை இறங்கும். உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். பின்புறம் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டி, சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி மாட்டுங்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவரும் குளியலறைச் சுவரும் ஆகவே ஆகாது.

கேள்வி: பழைய படத்தில் பூசணம் பூத்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. கோந்து தண்ணீரில் கரையும், துணியோடு வண்ணமும் வந்துவிடும். வெயிலிலும் வைக்காதீர்கள், பலகை வளையும். காற்றோட்டமான உலர்ந்த அறையில் சில நாள் வையுங்கள். பூசணம் பொடியாக உதிரும் நிலைக்கு வந்தபின், முகக்கவசம் போட்டு மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். பூச்சு தூக்கியிருக்கும் இடத்தில் பிரஷும் படக் கூடாது. படத்தை முகம் மேலாகப் படுக்க வைத்தே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.