தரைக்கடியில் குளிர் கிடைக்குமா? கேள்வி பதில்

போன ஞாயிறு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில், வெப்பமண்டலத் தீவுகளில் புவிவெப்பத்தை வைத்து ஊர் மொத்தத்துக்கும் குளிரூட்டுவது பற்றிப் பேசினேன். மாலத்தீவு ஓட்டல்களில் சில்லர், அதாவது ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் பெரிய இயந்திரம், ஓட்டிப் பழகியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து: பூமிக்குள்ள போகப் போகச் சூடுதானுங்க? அதிலிருந்து எப்படிக் குளிர் வரும்?

சூட்டை வைத்தே குளிர் எடுக்கலாம். அப்சார்ப்ஷன் சில்லர் என்று ஒரு இயந்திரம். அதில் கம்ப்ரஸர் கிடையாது, லித்தியம் புரோமைடு உப்புக்கரைசல்தான் அந்த வேலையைச் செய்கிறது. காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய தொட்டிக்குள் தண்ணீர் 5 டிகிரியிலேயே ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது, பக்கத்துக் குழாயில் ஓடும் நீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியை உப்புக்கரைசல் உறிஞ்சிவிடும். நீர்த்துப்போன கரைசலைத் திரும்பக் காய்ச்சத்தான் வெந்நீர் தேவை, 80, 90 டிகிரியில். அந்த வெந்நீரைப் பூமியே கொடுத்தால் வேலை முடிந்தது. அலாஸ்காவில் சேனா என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றை வைத்தே கோடையிலும் ஒரு பனிக்கட்டி அருங்காட்சியகத்தை உருகாமல் காப்பாற்றுகிறார்கள்! அங்கே லித்தியம் புரோமைடு இல்லை, அம்மோனியா. தத்துவம் ஒன்றுதான்.

ஆனால் ஒரு பங்கு குளிருக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு சூடு செலவாகும். இரண்டும் சேர்ந்து, குளிரைப்போல் இரண்டரை மடங்கு சூட்டை கூலிங் டவரில், அதாவது தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைக் காற்றில் விடும் கோபுரத்தில், வெளியேற்ற வேண்டும். நல்ல தண்ணீருக்கே தவிக்கும் தீவில் டவருக்குத் தண்ணீர் எங்கே? கடல்நீரைத்தான் சுற்றவிட வேண்டும். உப்புக்குத் தாங்கும் டைட்டானியம் தகடு போட்டால் செலவு எகிறும்.

எருத்தேம்பதியிலிருந்து: சார், எந்தத் தீவில் இது நிஜமாக ஓடுகிறது?

எரிமலைத் தீவுகளில் பூமிச் சூட்டை முக்கியமாக மின்சாரத்துக்குத்தான் எடுக்கிறார்கள். குவாதலூப்பின் பூயாந்த், பிலிப்பைன்ஸின் லெய்த்தே, ஹவாயின் பூனா எல்லாம் அந்த ரகம். பூனா நிலையம் 2018-இல் கிலாவேயா எரிமலை வெடித்தபோது மூடப்பட்டு, 2020 கடைசியில்தான் திரும்ப ஓடியது. சூடு எங்கே கைக்கெட்டுகிறதோ அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

குளிர் விஷயத்தில் சாதித்திருப்பது கடல். போரா போராவில் ஒரு ஓட்டல் 2006 முதல் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்திலிருந்து 5 டிகிரி நீரை ஏற்றி ஏசி ஓட்டுகிறது. டஹீட்டியில் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு 2022-இல் இதே ஏற்பாடு வந்தது. இங்கே கம்ப்ரஸரே வேண்டாம், பம்ப்புக்கு மட்டும் கரண்ட். கறாராகப் பார்த்தால் இது புவிவெப்பம் அல்ல. இருந்தாலும் தீவுக்காரர் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் கடலைத்தான் காட்டுவேன்.

பூமிச் சூட்டை நேரடியாகச் சூடாக்கவே பயன்படுத்துவது என்றால், தீவுகளில் ஓட்டல் வெந்நீர், சலவை, கொப்பரை, கருவாடு உலர்த்துவது. அவ்வளவுதான்.

வடகரப்பதியிலிருந்து: என் மச்சான் கவரத்தியில் வேலை பார்க்கிறார். லட்சத்தீவில் முடியுமா? கொச்சியில்?

லட்சத்தீவு பவளத்தீவு. கைக்கெட்டும் ஆழத்தில் வெந்நீர் இல்லை. ஆனால் குளிர்ந்த நீர் வாசலிலேயே இருக்கிறது, மச்சானுக்கு அது தெரிந்திருக்கும். தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தியில் தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையம் போட்டது. 350 மீட்டர் ஆழத்தில் நீர் 12, 13 டிகிரி. மேல்நீர் 28-க்குக் குறையாது. மேல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழ்நீரின் குளிரில் ஆவியைப் பிடித்தால் குடிநீர். பவளத்திட்டு செங்குத்தாக இறங்குவதால் கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே அந்த ஆழம் வந்துவிடுகிறது. வேலை முடிந்த நீரும் மேல்நீரைவிடக் குளுமையாகத்தான் வெளியே போகிறது. அதை ஒரு ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ சுற்றிவிடலாமே என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது நேரடி ஏசிக்குக் கொஞ்சம் சூடு என்றாலும், சில்லரில் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸருக்குக் கொடுத்தால் கரண்ட் பில் நன்றாகவே இறங்கும்.

கொச்சியில் முடியாது. அங்கே கடல்தரை சரிந்து ஆழமாவதற்குப் பல பத்து கிலோமீட்டர் போக வேண்டும். சென்னைக்கு எதிரே இதே குடிநீர்ச் சோதனைக்கு மிதவையைக் கரையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளித்தான் நிறுத்தினார்கள்.

ஒழலப்பதியிலிருந்து: எங்க தோட்டத்தில் ஆயிரம் அடி போட்டு வற்றிப்போன போர் நாலு இருக்குதுங்க. அதை ஏசிக்குப் பயன்படுத்தலாமா?

வந்ததிலேயே நல்ல கேள்வி. நம் பக்கம் வற்றிய போர் இல்லாத தோட்டமே கிடையாது.

கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளுமையாகவும் இருக்கிறதல்லவா? தண்ணீர் மாறவில்லை, நம் உடம்புதான் மாறுகிறது. சில மீட்டருக்குக் கீழே மண்ணின் சூடு வருஷம் முழுக்க அந்த ஊரின் சராசரியை ஒட்டியே நிற்கும். நமக்கு அது 28 டிகிரி போல. அதற்கும் கீழே போகப் போகச் சூடு ஏறத்தான் செய்யும். ஆக நேரடியாகக் குளிரெடுக்க எதுவும் இல்லை. ஏசியின் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டும் இடமாக வைக்கலாம். பங்குனி, சித்திரை மதியத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது 28 டிகிரி பாறையில் சூட்டைக் கொட்டுவது லாபம்தான்.

வற்றிய குழியில் இருப்பது காற்று. காற்று சூட்டைக் கடத்தாது. ஆகவே பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் என்ற களிமண்ணும் மணலும் கலந்த குழம்பை அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் அந்த இடம் தண்டம். நூறு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஏசி என்பது தோராயக் கணக்கு. நம் பாறை நன்றாகக் கடத்தும், கொஞ்சம் கூடவும் கிடைக்கலாம்.

வேறொரு சிக்கலும் உண்டு. குளிர்நாடுகளில் கோடையில் மண்ணுக்குள் போடும் சூட்டைப் பனிக்காலத்தில் வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். கணக்கு நேராகிவிடும். நமக்குப் பனிக்காலமே இல்லை. போட்டுக்கொண்டே இருந்தால் சில வருஷத்தில் பாறை 30, 33 என்று ஏறி, மதியம் தவிர மற்ற நேரத்தில் வெளிக்காற்றே மேல் என்றாகிவிடும். நாலு போரையும் முறைவைத்து ஓய்வு கொடுத்து, மதியம் மட்டும் ஓட்டினால் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒத்துவரும். ஊருக்கே என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

மூணாறிலிருந்து: இங்கே ஜனவரியில் உறைபனி, அண்ணா. எங்கள் லயன் வீடுகளுக்குச் சூடு தர முடியுமா?

முடியும், ஆனால் உறைபனி சில வாரம்தான். அதற்காகப் போர் தோண்டுவது வீண். காற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் ஒன்றைப் பத்து வீட்டுக்குப் பொதுவாக வைத்தாலே போதும். முதலில் தகரக் கூரைக்கு அடியில் சீலிங் போடச் சொல்லிக் கேளுங்கள்.

கஞ்சிக்கோட்டிலிருந்து: மொத்த ஊருக்கும் ஒரே சில்லர் என்பது நமக்குக் கட்டுமா?

கட்டிடங்கள் நெருக்கமாக இருந்தால் கட்டும். ஒரு நிலையத்திலிருந்து 6 டிகிரி நீர் போய் 12, 13-இல் திரும்பும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உச்சம் வராது, அதனால் தனித்தனியாகப் போடும் அளவுக்கு இயந்திரம் தேவைப்படாது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஓடுகிறது. வீடு ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்றிருந்தால் குழாயே சொத்தை விழுங்கும். ஹொனலூலுவில் ஆழ்கடல் நீரை வைத்து 25,000 டன் ஏசி தரும் திட்டம் பல வருஷம் இழுத்து, செலவு ஏறி, 2020-இல் கைவிடப்பட்டது.

உங்கள் ஊருக்குப் பூமி வேண்டியதில்லை. அங்குள்ள இரும்பு உலைகளின் புகைச் சூட்டைப் பிடித்து அப்சார்ப்ஷன் சில்லருக்குக் கொடுங்கள்.

கோழிப்பதியிலிருந்து: பையன் ஐடிஐ-யில் ஏசி மெக்கானிக் படிக்கிறான். தீவில் இந்த வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஸ்ப்ளிட் ஏசிக்கு கேஸ் அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பம்ப், பைப்பிங், தண்ணீரின் உப்பும் காரமும் பார்ப்பது, இதெல்லாம் வேண்டும். பெரிய எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயைச் சூடான தகட்டில் உருக்கி ஒட்டும் வெல்டிங்கை இப்போதே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆழ்கடலுக்கு இறக்கும் குழாயில் ஒரு ஒட்டு சரியில்லை என்றால் பிறகு அதைத் தொடக்கூட வழியில்லை. அதனால் அந்தக் கைவேலைக்குச் சம்பளமும் தனி.